கதவு அடைத்த திங்கட்கிழமை

வெளியூர் நண்பர் யாராவது சென்னைக்கு வந்து, "கடற்கரையைக் காட்டு" என்றால், மெரினாவுக்கு அழைத்துப் போவதுதான் உலக வழக்கம். நான் அழைத்துச் செல்வது வேறொரு கடற்கரைக்கு. அங்கே மணலும் கிடையாது; சுண்டலும் கிடையாது. துறைமுகம் வந்த பிறகு கடலே கிழக்கே ஒதுங்கி மறைந்துவிட்டது. முன்னாளில் 'பர்ஸ்ட் லைன் பீச்' என்று பெயர் பெற்று, இந்நாளில் ராஜாஜி சாலை என வழங்கும் வீதிதான் அது.

பாரி முனையிலிருந்து வடக்கு நோக்கி நடந்தால், தபால் மாளிகையும், பழைய மதராஸ் பாங்கியின் கட்டடமும் செந்நிறம் காட்டி நிற்கின்றன. கோபுரங்களையும் வளைவுகளையும் அண்ணாந்து பார்ப்பவர், இங்கே பணத்திற்கு அழிவே இல்லை என்று எண்ணிக்கொள்வார். 1906-ம் வருஷத்துச் சென்னைவாசிகளும் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள்.

அக்காலத்தில் சென்னையில் மூன்று வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்குப் பெரும் பெயர்: பாரி, பின்னி, அர்பத்நாட். மூன்றிலும் அர்பத்நாட்தான் அசையாத மலை என்பது ஊரார் நம்பிக்கை. அது வியாபாரக் கம்பெனி. ஆனால் பாங்கித் தொழிலும் நடத்திற்று. பென்ஷன் வாங்கிய உத்தியோகஸ்தர்கள், கணவனை இழந்த மாதர்கள், சிறுகச் சிறுகச் சேர்த்த குமாஸ்தாக்கள் எல்லோரும் அங்கே பணத்தைப் போட்டு வைத்தார்கள். துரையின் கையில் இருக்கும் காசு இரும்புப் பெட்டியில் இருப்பதைவிடப் பத்திரம் என்று கருதிய காலம் அது!

அந்தக் காசோ சென்னையில் இருக்கவில்லை. கடல் கடந்து போய் அந்நிய தேசத்து ரயில்வேப் பங்குகளிலும் சுரங்கங்களிலும் சூதாடிக் கொண்டிருந்தது. லண்டனில் இதன் கூட்டாளிக் கம்பெனியை நடத்தியவர் மக்பேடியன் என்பவர். 1906 அக்டோபர் 20-ந் தேதி, சனிக்கிழமை, அவர் ரயிலின் முன் பாய்ந்து உயிரை மாய்த்துக் கொண்டார். ஞாயிறு ஒரு நாள் கழிந்தது. திங்கட்கிழமை, 22-ந் தேதி, சென்னையில் அர்பத்நாட் கம்பெனி மஞ்சள் கடுதாசி கொடுத்து விட்டது.

அன்று இந்த வீதியில் வந்து நின்றவர்களை நினைத்துப் பார்க்கிறேன். பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம், முதுமைக்கு வைத்திருந்த பணம், எல்லாம் மூடிய கதவுக்கு அந்தப் புறம். இக்காலத்தைப் போல் ரிசர்வ் பாங்கி உண்டா? அது 1935-ல் அல்லவா வந்தது! டிபாஸிட்டுக்கு இன்ஷூரன்ஸ் உண்டா? அதற்கு 1962 வரை காத்திருக்க வேண்டும். பின்னி கம்பெனி வேறு கைக்கு விலையாகித் தப்பியது. பாரி கம்பெனி ஒரு புண்ணியவான் கைகொடுத்ததால் பிழைத்தது. அர்பத்நாட்டில் போட்டவர்களுக்குத்தான் கைகொடுப்பார் இல்லை. ஸர் ஜார்ஜ் அர்பத்நாட் துரைக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. வெள்ளைத் துரை ஒருவர் சிறைக்குப் போனது ஊருக்குப் பெரிய வியப்பு; ஆனால் அதனால் அடுப்பு எரியுமா?

கடன் கொடுத்து ஏமாந்தவர்களின் வழக்கில் முன் நின்று வாதாடியவர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். மனிதர் மிதவாதி. ஆயினும் தீவிரவாதியான பாரதியாரின் பாட்டுக்களைக் கேட்டு மகிழ்ந்து, 1907-ல் தம் செலவில் அச்சிட்டு வழங்கிய ரஸிகர். வழக்கோடு அவர் நின்றுவிடவில்லை. நம் பணத்தை நாமே காக்கும் பாங்கி வேண்டும் என்று கிளம்பினார். வட்டிக் கணக்கில் பழம் தின்று கொட்டை போட்ட நாட்டுக்கோட்டை நகரத்தாரும் நகரப் பிரமுகர்களும் சேர்ந்துகொண்டார்கள். கம்பெனி முறிந்து பத்து மாதம் முடியுமுன், 1907 ஆகஸ்ட் 15-ந் தேதி, பாரி முனையில் பாரி கட்டடத்திலேயே இந்தியன் பாங்கி கதவைத் திறந்தது. நாற்பது ஆண்டு கழித்து அதே தேதிக்கு என்ன மகிமை வரப்போகிறது என்பதை அன்று யார் கண்டார்கள்!

ஏமாந்த ஜனங்கள் மறுபடியும் ஒரு ஜன்னலில் பணத்தை நீட்டினார்களே, அதைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். மூலதனம் சேர்ப்பது செல்வர்க்கு இயலும்; போன நம்பிக்கையைத் திரும்பச் சேர்ப்பது யாருக்கு எளிது? சுதேசி என்ற பெயர் மட்டும் பாங்கியைக் காப்பாற்றிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். 1938-ல் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கியும், 1960-ல் பாலை சென்ட்ரல் பாங்கியும் முறிந்தன. அவை நம்மவர் பாங்கிகளே. டிபாஸிட் இன்ஷூரன்ஸ் பிறந்ததே பாலை பாங்கியால் ஜனங்கள் பட்ட பாட்டின் பிறகுதான்.

இந்தியன் பாங்கி 1969-ல் தேசவுடைமை ஆயிற்று. 1865-ல் ஐரோப்பியர் தொடங்கிய அலகாபாத் பாங்கி 2020-ல் இதனோடு ஐக்கியமாயிற்று. அர்பத்நாட் துரை இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

போன மாதம் இந்தச் சாலையில் உள்ள பாங்கிக் கட்டடத்துக்குள் நண்பரோடு நுழைந்தேன். நார்ப்பை தாங்கிய மூதாட்டி ஒருத்தி, அச்சடித்து வந்த பாஸ் புத்தகத்தைக் கண்ணுக்கு அருகே பிடித்து இரண்டு தரம் படித்தாள். குமாஸ்தாவிடம், "எல்லாம் இருக்கிறதா, தம்பி?" என்று கேட்டாள். "இருக்கிறது, பாட்டி" என்றான் அவன். அவள் மூன்றாம் தரமும் படித்துவிட்டுத்தான் புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள்.