வருவோரும் தங்கி நிற்போரும்



தென்காசியில் குடியிருப்போருக்கு விருந்தினர் என்போர் பருவத்தோடு வருபவர்கள். ஆனி பிறந்து, மேற்கு மலையில் மேகம் கவிந்து, சாரல் விழத் தொடங்கிவிட்டால் போதும். எந்தெந்த ஊரிலிருந்தோ உறவுகள் வந்து சேரும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று நீராடிவிட்டு, பிரானூர் பார்டரில் புரோட்டாவும் கோழியும் உண்டு, ஈரத் துணிகளை எங்கள் மொட்டை மாடியில் உலர்த்திவிட்டுப் புறப்படுவார்கள். ஆவணி கழிந்ததும் ஊர் பழைய ஊராகும். அருவிக்கரையைக் கூட்டிப் பெருக்குபவர்களையும், நீர்வரத்து பெருகும் வேளையில் ஊதல் ஊதிக் கூட்டத்தை வெளியேற்றும் காவலரையும் ஊர் திரும்பியவர்கள் நினைப்பது அரிது. வந்து போவோரின் கதையே எங்கும் சொல்லப்படுகிறது. தங்கி நிற்போருக்குக் கதை இல்லை.

இதை நாங்கள் எண்ணிப் பார்க்கக் காரணமானவள் எங்கள் மூத்த சகோதரியின் மகள். பிசியோதெரபி படிப்பை முடித்த கையோடு, வெளிநாடொன்றிற்குத் தன்னார்வத் தொண்டராகச் செல்ல விரும்பினாள். அதற்கெனவே பயணம் ஏற்பாடு செய்து தரும் ஓர் அமைப்பைக் கண்டுபிடித்திருந்தாள். மூன்று வாரம் அநாதைக் குழந்தைகள் இல்லத்தில் சேவை. விமானக் கட்டணம் நீங்கலாக ஒன்றரை இலட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அவளுடைய அத்தா சவூதியிலிருந்து பணம் அனுப்பச் சம்மதித்துவிட்டார். “சாச்சா, நீங்களும் சாச்சியும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்” என்று அந்த அமைப்பின் அறிமுக ஏட்டை எங்கள் கையில் கொடுத்தாள்.

ஏடு அழகாகவே இருந்தது. பக்கந்தோறும் சிரிக்கும் குழந்தைகள். அவர்களைத் தூக்கி வைத்திருக்கும் இளைஞர்கள். இருபத்து நான்கு பக்கங்களையும் புரட்டிய பின்னர் எங்களுக்கு ஒரு கேள்வி எஞ்சியது. இதை நடத்துபவர்கள் யார்? இந்த இளைஞர்கள் விமானம் ஏறிய மறுநாள் அக்குழந்தைகளோடு இருப்பவர் யார்? அதற்கு ஒரு வரியும் அந்த ஏட்டில் இல்லை.

அமைப்பை நடத்துவோர் யாராக இருக்க வேண்டும் என்று அறிந்துகொள்ளக் கடல் தாண்ட வேண்டியதில்லை. தென்காசியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே ஆய்க்குடி இருக்கிறது. அங்கே மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கிவரும் அமர் சேவா சங்கத்தைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். கனடா முதலிய நாடுகளிலிருந்து மருத்துவர்களும் பிசியோதெரபி மாணவர்களும் அங்கு வந்து, தங்கி, பணியாற்றிச் செல்கின்றனர். கனடாவில் அதற்குத் துணை நிற்பதற்காகவே ஹாண்டி கேர் இண்டர்நேஷனல் என்ற அமைப்பும் இருக்கிறது. ஆனால் இங்கே நாங்கள் எழுத விரும்புவது வருவோரைப் பற்றியன்று.

1975ஆம் ஆண்டு, ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வுக்குச் சென்றார். உடல்திறன் சோதனையின்போது விழுந்ததில் முதுகுத்தண்டு சேதமுற்றது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. நாடு நாடாகக் கடற்பயணம் செய்ய எண்ணியவர் படுக்கையோடு ஊர் திரும்பினார். 1981ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகளின் சர்வதேச ஆண்டாக அறிவித்திருந்தது. அவ்வாண்டிலேயே அவர் சங்கத்தைத் தொடங்கினார். தமக்கு மருத்துவம் பார்த்து நம்பிக்கையூட்டிய இராணுவ மருத்துவர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைச் சங்கத்திற்கு வைத்தார். பின்னாளில் அவரோடு இணைந்த எஸ். சங்கரராமன் ஒரு பட்டயக் கணக்காளர். தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்பவர். இராமகிருஷ்ணனுக்கு 2020ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. தாமாக எழுந்து ஒரு குவளை நீர் அருந்த இயலாத ஒருவரும், நாளுக்கு நாள் தசைகள் வலுவிழக்கும் ஒருவரும் சேர்ந்து நடத்தும் இடத்திற்குத்தான், கை கால் நலத்தோடு உலகெங்கும் பறக்கக்கூடியவர்கள் பணி கற்க வருகிறார்கள்.

நாங்கள் இதை வியப்புக்காகச் சொல்லவில்லை. மாற்றுத்திறனாளிகளைக் கண்டால் வியப்பதும் இரங்குவதும் நமக்குப் பழகிவிட்டன. அவர்களை நிர்வாகிகளாகக் காணத்தான் பழகவில்லை. ஆனால் நம் வரலாறு அதைப் பழக்கித் தந்திருக்கிறது. பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மு மக்தூம் (ரலி) அவர்களைப் பற்றிப் பேசும்போது, ‘அபஸ’ அத்தியாயம் அவர்களை முன்னிட்டு இறங்கியதை நம் மேடைகளில் கேட்கிறோம். அவர்கள் பஜ்ருக்கு பாங்கு சொல்லியதையும் கேட்கிறோம். நபி (ஸல்) அவர்கள் படையோடு வெளியூர் சென்ற பல வேளைகளில் மதீனாவின் பொறுப்பை அவர்களிடமே விட்டுச் சென்றார்கள் என்பது வரலாற்று நூல்களில் பதிவான செய்தி. அது மட்டும் மேடைகளில் குறைவாகவே ஒலிக்கிறது. கண்ணுள்ளவர்கள் பயணம் போனார்கள். கண்ணில்லாதவர் நகரைக் காத்தார். அனுதாபத்தால் கொடுக்கப்பட்ட பதவியா அது? எதிரிகள் சூழ்ந்திருந்த காலத்தில் ஒரு தலைநகரை அனுதாபத்தால் எவரும் ஒப்படைப்பதில்லை.

வெளிநாட்டுத் தொண்டர் ஒருவரை வரவேற்பதென்றால் சோறும் அறையும் கொடுப்பதோடு முடியும் என்றே நாங்களும் எண்ணியிருந்தோம். சட்டத்தைப் பார்த்தபோது வேறாக இருந்தது. அயல்நாட்டவரைத் தங்க வைப்போர் அவர் வந்த 24 மணி நேரத்திற்குள் உரிய படிவத்தை நிரப்பி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். சுற்றுலா விசாவில் வந்தவர், ஒரு மாதத்திற்கு மேற்படாத, பணப் பயனற்ற தன்னார்வப் பணியை மட்டுமே செய்யலாம். அதற்குமேல் தங்கித் தொண்டு நிறுவனத்தில் பணியாற்ற வேறு விசா வேண்டும். வெளிநாட்டு நன்கொடை பெறும் நிறுவனமாயின், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், உலகின் எந்த மூலையிலிருந்து பணம் வந்தாலும் அது முதலில் புது தில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கிற்குத்தான் வர வேண்டும். அப்பணத்தில் நிர்வாகச் செலவுக்கு முன்பு 50 விழுக்காடு வரை அனுமதி இருந்தது. இப்போது 20 விழுக்காடு. ஆய்க்குடியில் செலவாக வேண்டிய பணமாயினும் தில்லியைத் தொட்டுத்தான் வரும். இத்தனைக்கும் ஏடு எழுத, கணக்கு வைக்க, தணிக்கைக்குக் காட்ட ஆள் வேண்டும். இவற்றைச் செய்பவரின் புகைப்படத்தை யாரும் எடுப்பதில்லை.

சட்டம் கேட்காத வேலைகளும் உண்டு. தமிழறியாத தொண்டருக்கும் அவரது மொழியறியாத தாய்க்கும் நடுவே மொழிபெயர்க்க ஒருவர் வேண்டும். குழந்தையின் காலைப் பிடித்துப் பயிற்சி அளிப்பதற்கு முன் அந்தத் தாயிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று தொண்டருக்கு அறிவுறுத்த வேண்டும். ஆர்வத்தோடு வந்தவர் நான்காம் நாள் வெயிலாலும் வயிற்றுப்போக்காலும் சோர்ந்து கிடந்தால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அவர் விடைபெற்றுப் போன பின், அடுத்த வாரமும் அதே பயிற்சியை அதே குழந்தைக்கு அளிக்க உள்ளூரில் ஒருவர் ஆயத்தமாக இருக்க வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு மூன்று வாரப் பயிற்சி எதையும் நிறைவு செய்யாது, ஆண்டுக்கணக்கில் வேண்டும். ஆகவே வெளிநாட்டுத் தொண்டரின் தகுதியைவிட, அவர் எவரிடம் பணியை ஒப்படைத்துவிட்டுப் போகிறார் என்பதே பெரிதாகிறது.

இவ்விடத்தில் நம் சமுதாயத்திலுள்ள ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நன்கொடை கேட்டு எவர் வந்தாலும், “நிர்வாகத்துக்கு ஒரு பைசாவும் போகாதே?” என்று கேட்கிறோம். போகாது என்று சொன்னால்தான் மகிழ்கிறோம். ஆனால் ஜகாத்தைப் பெறத் தகுதியுடையோர் என்று அல்லாஹ் தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனத்தில் எண்ணிக் காட்டும் எட்டு வகையினரில், வறியோரையும் தேவையுடையோரையும் அடுத்து மூன்றாவதாக வருவோர் அதை வசூலித்து நிர்வகிக்கும் ஊழியர்கள். கடனாளிக்கும் முன்பாக, வழிப்போக்கருக்கும் முன்பாக அவர்கள் இடம்பெறுகிறார்கள். ஷாஃபி மத்ஹபில் அவர்களுக்கான உச்ச அளவு எட்டில் ஒரு பங்கு; ஹனஃபி மத்ஹபில் அவர்களது உழைப்பிற்குப் போதுமான அளவு. (எந்த நிறுவனத்திற்கு ஜகாத் செல்லும், எதற்கு ஸதகா மட்டுமே செல்லும் என்பது ஆலிம்களிடம் கேட்க வேண்டியது, நாங்கள் ஃபத்வா எழுதவில்லை.) நிர்வகிப்பதும் உழைப்பே என்று மார்க்கம் ஏற்றுக்கொண்ட பிறகு, கணக்கெழுதுபவர் பசியோடு இருந்தால்தான் அந்த அறம் தூயது என்று நாம் எங்கிருந்து கற்றோம் எனத் தெரியவில்லை.

மறுபக்கமும் உண்டு. நடத்துவோர் தீயவராகவோ கவனமற்றவராகவோ இருந்தால் தொண்டரின் நல்ல உள்ளமே கேடாக மாறிவிடும். கம்போடியாவில் சுற்றுலாப் பயணிகள் பெருகப் பெருகக் குழந்தைகள் இல்லங்களும் பெருகின. அங்கிருந்தோரில் பெரும்பான்மையினருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்ததை அந்நாட்டு அரசும் யுனிசெஃப் நிறுவனமும் வெளிக்கொணர்ந்தன. நேபாளத்திலும் இதே நிலை காணப்பட்டது. கட்டணம் செலுத்தும் தொண்டருக்கு அநாதை தேவைப்பட்டதால், ஏழை வீட்டுப் பிள்ளை அநாதையாக்கப்பட்டது. எத்தீமின் பொருளை அநியாயமாக உண்பதை நெருப்பை உண்பதாக எச்சரிக்கும் மார்க்கத்தில் பிறந்த நமக்கு, பெற்றோருள்ள பிள்ளையை எத்தீமாகக் காட்டிப் பொருள் ஈட்டுவது எவ்வளவு பெரிய கொடுமை என்பதை விளக்க வேண்டியதில்லை. அறியாமல் அதற்குக் கட்டணம் கொடுத்தவர்களில் நம் வீட்டுப் பிள்ளையும் ஒருத்தியாகிவிடக் கூடாதே என்பதுதான் எங்களை உறங்கவிடாத அச்சமாக இருந்தது.

இத்தகைய பயணத் தொண்டின் தொடக்கம் வணிகமாக இருக்கவில்லை. முதல் உலகப் போர் முடிந்து, 1920இல், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரெசோல் என்ற பொறியாளர், பிரான்சில் வெர்டன் அருகே குண்டுகளால் அழிந்த எஸ்ன் என்ற சிற்றூரை மீண்டும் கட்டியெழுப்பப் பல நாட்டவரை அழைத்துச் சென்றார். அவர்களில் ஜெர்மானியரும் இருந்தனர். நேற்று வரை பகைவராக இருந்தவர்களை அவ்வூரார் ஏற்பது எளிதாக இல்லை. சில மாதங்களில் முகாம் கலைந்தது. ஆனாலும் அவர் விடவில்லை. 1934இல் பீகார் நிலநடுக்கத்தில் அழிந்த கிராமங்களுக்காக இந்தியாவுக்கும் வந்து, இராஜேந்திர பிரசாத் முதலியோருடன் சேர்ந்து வீடுகளைக் கட்டினார். இராணுவ வரி கட்ட மறுத்துச் சிறை சென்ற இவருக்கு, முகாம்களை ஒழுங்காக நடத்தித் தந்தவர் எர்னஸ்ட் என்ற உடன்பிறந்தவர்; அவரோ இராணுவ அதிகாரி! கருத்தில் இரு துருவமாக இருந்த சகோதரர்கள் மண்வெட்டிகளை எண்ணி வைப்பதில் ஒன்றுபட்டார்கள் என்பது எங்களுக்குப் பிடித்த செய்தி.

நாங்கள் மருமகளுடன் உட்கார்ந்து அந்தப் பயண அமைப்பிற்கு ஒரு கடிதம் எழுதினோம். நடத்துவோரின் பெயர்களும் கடந்த ஆண்டின் தணிக்கை அறிக்கையும் வேண்டும். கட்டணத்தில் எவ்வளவு இல்லத்திற்குச் செல்கிறது. குழந்தைகளுக்குப் பெற்றோர் உண்டா, உண்டெனில் வீட்டிற்குத் திருப்பி அனுப்ப முயற்சி நடக்கிறதா. தொண்டரின் முன்வரலாற்றைச் சரிபார்க்கிறீர்களா. அவர் இல்லாத வாரங்களில் அந்தப் பணியைச் செய்யும் உள்ளூர் ஊழியர் எத்தனை பேர். படங்களை வெளியிட யாருடைய அனுமதி பெறப்படுகிறது. ஆறு கேள்விகள்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. தங்குமிடத்தில் குளிர்சாதன வசதி உண்டு, ஹலால் உணவுக்கு ஏற்பாடு செய்யலாம், இந்த மாதத்திற்குள் முன்பணம் கட்டினால் பத்து விழுக்காடு தள்ளுபடி என்று எழுதியிருந்தார்கள். கேட்ட ஆறில் ஒன்றுக்கும் விடையில்லை.

மருமகள் அதை இருமுறை படித்தாள். எதுவும் சொல்லாமல் எழுந்து போனாள். அன்றிரவு இஷாவுக்குப் பின் அவளே அவள் அத்தாவுக்கு அழைத்து, பணம் அனுப்ப வேண்டாம் என்று சொன்னாள். மறுமுனையில் அவர் சிறிது நேரம் பேசாமலிருந்து, “அப்போ உள்ளூரிலேயே போய்ப் பாரும்மா” என்றாராம்.

இப்போது ஆய்க்குடிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறாள். மூன்று வாரம் என்று முதலில் எழுதியதை அடித்துவிட்டு ஓராண்டு என்று மாற்றியிருக்கிறாள். ஏற்பார்களா என்பது அவர்கள் கையில்; இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறோம். அவளுடைய அம்மாவுக்கு எஞ்சியிருக்கும் கவலை மாலைப் பேருந்து மக்ரிபுக்கு முன்னால் தென்காசிக்கு வந்துவிடுமா என்பது ஒன்றே.