மாப்பிள்ளை ஊரில் முதலை

எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்து மூன்று வருஷமாகிறது. சம்பளம், ஜாதகம், தலைமுடி எல்லாவற்றிலும் பாஸாகிவிடுவேன். ஊரைச் சொன்னதும் பெண்ணின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைப்பார். "சிதம்பரம் பக்கம்... பழைய கொள்ளிடக் கரையா? அங்கே முதலை இருக்காமே?"

இருக்கிறது ஸார். ஒன்றிரண்டு இல்லை, ஏகப்பட்டது. ஆறு, ஏரி, குளத்தில் வாழும் நன்னீர் முதலை. பத்து அடி, பன்னிரண்டு அடி என்பதெல்லாம் சர்வ சாதாரணம்.

கரையில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். நம்மை விழுங்கத்தான் என்று புதுசாக வருகிறவர்கள் ஓடுவார்கள். பாவம், அது உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது! வெயில் காய்வது ஹீட்டர், வாயைத் திறப்பது ஏ.ஸி. உடம்புக்குள் அடுப்பு எரிய வேண்டாததால் சாப்பாட்டுச் செலவும் கம்மி. மாசக் கணக்கில் பட்டினி கிடக்கும். (என் ரூம்மேட் இந்த விஷயத்தில் நேர் எதிர்.) தண்ணீர் வற்றினால் கரையில் வளை தோண்டிப் படுத்துவிடும்.

மாசி, பங்குனி வாக்கில் மணலில் குழி பறித்து இருபத்தைந்து, முப்பது முட்டை இடும். குஞ்சு ஆணா, பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது குழியின் சூடு! 32.5 டிகிரியை ஒட்டி இருந்தால் ஆண். இரண்டு மூன்று டிகிரி குறைந்தால் பெண். இரண்டு மாசம் கழித்து, முட்டைக்குள்ளிருந்தே குஞ்சுகள் குரல் கொடுக்கும். தாய் ஓடிவந்து மணலைத் தோண்டி, அத்தனை பல்லுக்கு நடுவில் பூ மாதிரி கவ்வித் தண்ணீரில் கொண்டுபோய் விடும். மாமல்லபுரம் போகிற வழியில், வடநெம்மேலியில் 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணையில் அப்பா முதலையும் இந்த வேலையைச் செய்ததைப் பார்த்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த அப்பாக்கள் பலர் ஸ்கூல் வாசல் வரைகூடப் போனதில்லை.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே முதலை, கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரிய, துறையில் மரக்கட்டை மாதிரி மிதக்கும். குனிந்தால் ஒரே பாய்ச்சல். எதிர்வீட்டுச் சித்தப்பாவுக்குக் காலில் இருபத்திரண்டு தையல். பக்கத்துக் கிராமங்களில் உயிரே போயிருக்கிறது. வனத்துறைக்காரர்கள் வந்து பிடித்து வக்காரமாரி ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். "முதலைக்கு 1972-லயே சட்டம் போட்டுட்டான். என் காலுக்கு எப்படா போடுவான்?" என்பார் சித்தப்பா. நியாயமான கேள்விதான். அதற்காக முதலையைக் கொல்லச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. துறைக்குக் கம்பி வலை கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்.

போன வருஷம் வீட்டில் போர் போட்டு, மோட்டார் வைத்துக் கொடுத்தேன். அம்மா கேட்டால்தானே! "குழாத் தண்ணில அலசினா துணில அழுக்கே போவ மாட்டேங்குதுடா" என்று மறுபடியும் ஆற்றுக்குத்தான் போகிறாள். தினமும் ராத்திரி போன் பண்ணினால், "சாப்ட்டியா"வுக்கு முன்னால் நான் கேட்பது, "ஆத்துக்குப் போனியா?"

"போனேன். நாலு கல்லு விட்டெறிஞ்சு பாத்துட்டுதான்டா எறங்கினேன்" என்கிறாள்.