நாலு தரம் பாய்ந்த தம்பியும் ஒரு தரமும் வராத பிள்ளையும்



நமது பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டி வீடியோ பற்றி ஒரு விடயம் சொல்ல வேண்டியிருக்கிறது. வீடியோவைப் போட்ட அன்று நிறையப் பேர் ‘மாஷா அல்லாஹ், அருமை’ என்று எழுதியிருந்தீர்கள். சந்தோசம். மறுநாள் இரவு கட்டாரில் இருந்து ஒரு வாப்பா வொய்ஸ் அனுப்பியிருந்தார்.

“சேர், வீடியோ நல்லா இரிக்கி. மூணு தரம் பாத்துட்டன். எங்கட மகள் எங்கயும் இல்லயே சேர். ட்ரில்லுல நின்ட எண்டு அவட உம்மா சொன்னா. அந்த உயரம் பாயிற தம்பிதான் நாலு தரம் பாயிறாரு.”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் பதில் எழுதுவது எங்களுக்கு லேசாக இருந்திருக்கும்.

உடனே வீடியோவைத் திரும்ப ஓட விட்டுப் பார்த்தோம். அவர் சொன்னது சரி. 17 நிமிட வீடியோவில் உயரம் பாய்தல் தம்பி நாலு தரம் பாய்கிறார், அதுவும் ஒரே பாய்ச்சலை. தரம் 4 பிள்ளை ஒரு தரமும் இல்லை. இத்தனைக்கும் அந்தப் பிள்ளை இரண்டு வாரமாக வெயிலில் நின்று ட்ரில் பழகியதை நாங்களே பார்த்திருக்கிறோம்.

எப்படி நடந்தது என்று உட்கார்ந்து தேடினோம். எங்கள் ஊடகக் கழகத்தில் மூன்று ஆசிரியர்கள். ஒருவரும் எடிட்டிங்கை முறையாகப் படித்தவர்களல்ல. யூடியூப் பார்த்தும், வெட்கத்தை விட்டு தரம் 11 பிள்ளைகளிடம் கேட்டும் பழகியதுதான். மூன்று நாள் நிகழ்வுக்கு மொத்தம் 312 கிளிப் சேர்ந்திருந்தன. ஒரு கமெரா, ஆசிரியர்களின் போன்கள், பெற்றோர் வட்ஸ்அப்பில் அனுப்பியவை என்று எல்லாம் கலந்து. நாளுக்கு ஒருவராகப் பிரித்து, மூன்று லெப்டொப்பில் வேலை செய்து, கடைசியில் மூன்றையும் ஒட்டினோம்.

நாங்கள் பாவிப்பது கெப்கட்டின் கணினிப் பதிப்பு. ஒரு கிளிப்பை டைம்லைனில் போட்டவுடன் அதன் படத்தின் மேல் ‘அடெட்’ என்று ஒரு சின்ன எழுத்து விழும். பாவித்தாயிற்று என்று அர்த்தம். அந்த எழுத்தை நம்பித்தான் மூவரும் வேலை செய்தோம். ஆனால் அது அந்தந்த புரொஜெக்டுக்குள் மட்டும்தான் செல்லும். ஒரு லெப்டொப்பில் பாவித்தது அடுத்த லெப்டொப்புக்கு எப்படித் தெரியும்? அந்தப் பாய்ச்சல் மூவருக்குமே பிடித்த காட்சி. மூவரும் ஆளுக்கொரு தரம் போட்டிருந்தோம். நாலாவது தரம் வந்தது வட்ஸ்அப்பின் வேலை. ஒரே கிளிப்பை இரண்டு பெற்றோர் அனுப்ப, அது வேறு வேறு இலக்கத்தோடு இரண்டு கோப்பாகப் பதிவாகியிருந்தது. மென்பொருளைப் பொறுத்தவரை அவை இரண்டும் வேறு வேறு கிளிப். ஒன்றில் ‘அடெட்’ இருந்தது, மற்றது புதிது போல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

இது சிரித்து விட்டுப் போகக்கூடிய பிழை. பிள்ளை விடுபட்டது அப்படியல்ல.

ட்ரில்லை ஒரு டீச்சர் மேடையில் ஸ்டாண்ட் வைத்து, நிறுத்தாமல் 11 நிமிடம் எடுத்திருந்தார். பிள்ளைகள் எல்லோரும் தெளிவாக விழுந்த ஒரே கிளிப் அதுதான். அதன் தொடக்கத்தில் இருந்து 5 செக்கன் மட்டும் எடுத்துப் போட்டோம். உடனே ‘அடெட்’ விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு யாருமே அந்தக் கிளிப்பைத் திறக்கவில்லை. மிச்சம் 10 நிமிடம் 55 செக்கனும் ‘பாவித்தாயிற்று’ என்ற எழுத்துக்குக் கீழே மூடிக் கிடந்தது. அந்தப் பிள்ளை வருவது ஏழாவது நிமிடத்தில். பச்சை ரிபன் பிடித்துக்கொண்டு, ஸ்கார்பை ஒரு கையால் சரிசெய்தபடி.

கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் கற்றல் உபகரணம் செய்ய பழைய பத்திரிகைகளை வெட்டுவோம். ஒரு படத்தை வெட்டினால் தாளில் ஓட்டை விழும். எதை எடுத்தோம், எது மிச்சம் என்று கேட்கவே தேவையில்லை. பழைய சினிமா எடிட்டர்களும் அப்படித்தான் வேலை செய்தார்கள். வெட்டிய பிலிம் துண்டுகளை ஒரு தொட்டிக்கு மேல் ஊசிகளில் தொங்க விடுவார்கள். எடுத்துவிட்டால் ஊசி வெறுமையாகும். இன்றைய மென்பொருளில் கிளிப் வைக்கும் இடத்துக்கு ‘பின்’ என்று பெயர் வந்ததே அந்தத் தொட்டியில் இருந்துதான். கணினியில் ஓட்டை விழுவதில்லை. எத்தனை தரம் வெட்டினாலும் மூலக் கிளிப் முழுதாகவே நிற்கும். அது நல்லதுதான், அதனால்தான் எங்களைப் போன்றவர்களும் பயமில்லாமல் எடிட் செய்கிறோம். ஆனால் எதை எடுத்தோம் என்பதை நாம்தான் நினைவில் வைக்க வேண்டும்.

மற்ற மென்பொருட்களில் என்ன வசதி என்றும் பார்த்தோம். கேடென்லைவ் இலவசம், கிளிப் எத்தனை தரம் பாவிக்கப்பட்டது என்று எண்ணையே காட்டும். பிறீமியரில் கிளிப்பின் மூலையில் உள்ள சிறு அடையாளத்தை அழுத்தினால் எந்த டைம்லைனில், எத்தனையாவது நிமிடத்தில் பாவித்தோம் என்று பட்டியல் வரும். ஒரே காட்சி இரண்டு இடத்தில் வந்தால் இரண்டிலும் ஒரே நிறக் கோடு போட்டுக் காட்டும் வசதியும் உண்டு. வட்ஸ்அப் இரட்டையரை அதுவும் பிடிக்காது. எங்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது ஃபைனல் கட்டில் இருக்கிறது. முழுக் கிளிப்பிலும் பாவித்த பகுதியின் மேல் மட்டும் செம்மஞ்சள் கோடு விழும், பாவிக்காததை மட்டும் காட்டு என்றும் கேட்கலாம். அது அப்பிள் கருவிகளில் மட்டும்தான் ஓடும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் அதைக் கேட்கும் தைரியம் எங்களுக்கு இல்லை. மழைக்கு ஒழுகும் கூரை இன்னும் அப்படியே இருக்கிறது.

ஆகவே இருப்பதை வைத்து ஒரு வழி செய்திருக்கிறோம். எடிட்டிங் தொடங்க முன்பே நீளமான கிளிப்பை எல்லாம் முப்பது, நாற்பது செக்கன் துண்டுகளாக வெட்டித் தனித்தனிக் கோப்பாக எடுத்துவிடுவது. அப்போது ‘அடெட்’ என்பது ஓரளவு உண்மையைச் சொல்லும். மூவரும் மூன்று லெப்டொப்பில் இருப்பதால் ஒரு சீ.ஆர். கொப்பி போட்டோம். கிளிப்பின் பெயர், எத்தனையாவது நிமிடம், அதில் யார் யார் என்று எழுதி, பாவித்தால் சிவப்புப் பேனையால் சரி போடுவது. ‘இந்தக் காலத்தில் கொப்பியா சேர்?’ என்று தரம் 11 பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். பாவித்த கிளிப்பை வேறு போல்டருக்கு மாற்றி வைத்தால் லேசு என்று முந்திய வருடம் நினைத்தோம். மாற்றியவுடன் மென்பொருளுக்குக் கோப்பு இருக்கும் இடம் தெரியாமல் போய், டைம்லைன் முழுக்கக் ‘காணவில்லை’ என்று வந்து, ஒரு இரவு முழுவதும் அழிந்தது. பிரிப்பதென்றால் மென்பொருளுக்குள்ளேயே பிரியுங்கள்.

கடைசியாகச் செய்யும் வேலைக்கு எந்த மென்பொருளும் வேண்டாம். வகுப்பு இடாப்பை எடுத்து வைத்துக்கொண்டு வீடியோவை ஓட விடுவது. முகம் தெரிந்த பிள்ளையின் பெயருக்கு நேரே ஒரு புள்ளி. தரம் 4ஐ அப்படிப் பார்த்தபோது புள்ளி விழாத பெயர் ஒன்றல்ல, ஆறு. மற்ற ஐந்து வீட்டிலும் ஒருவரும் எங்களிடம் கேட்கவில்லை.

ஆறு பேரும் வரும்படி திருத்திய வீடியோவை வெள்ளிக்கிழமை அனுப்பினோம். உயரம் பாய்தல் தம்பி இப்போது ஒரு தரம்தான் பாய்கிறார். அவர் வீட்டில் இருந்து முறைப்பாடு வந்தால் அதற்கும் பதில் சொல்வோம். கட்டார் வாப்பா ஒன்றும் எழுதவில்லை. மகள் வரும் ஒன்பது செக்கனை மட்டும் வெட்டி ஸ்டேட்டஸில் போட்டிருந்தார்.

அடுத்தது பரிசளிப்பு விழா. போனில் எடுப்பவர்கள் தயவு செய்து கிளிப்பை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாமல் ‘டொகியூமென்ட்’ ஆக அனுப்புங்கள். தெளிவும் குறையாது, கோப்பின் பெயரும் மாறாது. அடுத்தவர் அனுப்பியதைத் திரும்ப அனுப்ப வேண்டாம். வேறு வகுப்புகளிலும் உங்கள் பிள்ளை வரவில்லை என்றால் இன்பொக்ஸில் பெயரையும் தரத்தையும் போடுங்கள். 312 கிளிப்பும் ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே இருக்கின்றன, தேடித் தருகிறோம்.