அம்பின் முனை எங்கே நிற்கிறது?

'நேற்று ஜீவனஹள்ளிக்கு வந்த மாணவியின் அண்ணன்.' இத்தொடரில் வந்தவர் மாணவியா, அண்ணனா? இரு பொருளுக்கும் இடமுண்டு. பேச்சில் சூழல் ஐயத்தைத் தீர்த்துவிடும். ஆய்வேட்டின் படத்திலோ, 'வந்த' என்னும் பெயரெச்சத்தை ஒரு பெயரோடு இணைக்கும் அம்புக்குறியே தீர்ப்பு வழங்குகிறது. தமிழும் கன்னடமும் உருதுவும் அடுத்தடுத்து ஒலிக்கும் அப்பகுதியில் தம் பேச்சைப் பதிவுசெய்ய இசைந்தவர், அப்படத்தைப் பெரும்பாலும் காண்பதில்லை. அம்பு தவறினால் திருத்த அவர் அங்கில்லை.

கிம்ப் மென்பொருளில் அம்புக்கெனத் தனிக்கருவி இல்லை. தூரிகையால் ஒரு புள்ளியிட்டு, ஷிஃப்ட் விசையை அழுத்தியவாறு மறுபுள்ளியைச் சொடுக்கினால் நேர்கோடு கிடைக்கும். கண்ட்ரோல் விசையும் சேர்ந்தால் கோணம் 15 பாகை இடைவெளிகளில் நிற்கும். ஆனால் ஒரே வரியிலுள்ள சொற்களை நேர்கோட்டால் இணைத்தால் இடைப்பட்ட சொற்கள் அடிபட்டுப்போகும். ஆகவே வளைவு தேவை. பாதைக் கருவியால் இரு புள்ளிகளிட்டு, நடுக்கோட்டை மேலே இழுத்து வளைத்து, அப்பாதையின்மேல் கோடு தீட்ட வேண்டும். முனையைத் தனியே வரைய வேண்டும். இங்க்ஸ்கேப்பில் முனை கோட்டின் பண்பாகவே அமைகிறது. கோட்டை நகர்த்தினால் முனையும் உடன் திரும்பும்.

இவ்வளைவுகளைத் தமிழிலக்கணம் வரையாமலே கண்டது. பவணந்தியாரின் நன்னூல் கூறும் எட்டுப் பொருள்கோள்களுள் ஒன்று விற்பூட்டு: செய்யுளின் ஈற்றுச்சொல் முதற்சொல்லோடு இயைவது; வில்லின் இரு முனைகளை நாண் பூட்டுவது போன்றது. நிரனிறையில் வளைவுகள் ஒன்றையொன்று வெட்டும். 'கண்ணும் காதும் கண்டன, கேட்டன' என்பதை வரைந்து பார்த்தால் புலப்படும்.

திசையிலும் கவனம் வேண்டும். பெயரெச்சம் பெயர் கொண்டு முடியும் என்பது நம் மரபு. அம்பு எச்சத்திலிருந்து வலப்புறம் செல்லும். இன்றைய சார்பிலக்கண முறையில் அம்பு தலைச்சொல்லிலிருந்து புறப்படுகிறது. தமிழில் அது பெரும்பாலும் இடப்புறமே பாயும். எம்மரபைப் பின்பற்றினோம் என்பதைப் படத்தின் அடியிலேயே எழுதிவிடுதல் நன்று.

அம்புகளைத் தனி அடுக்கில் வரைந்து, பாதையையும் அழிக்காமல் மூலக்கோப்பைச் சேமித்தல் வேண்டும். பேசியவரிடமே மீண்டும் கேட்டு, 'வந்தது அண்ணன்தான்' என்று தெரியவரும் நாளில், படம் முழுவதையும் அழிக்க நேராது. ஒரு முனையை நகர்த்தினால் போதும்.