அப்பாவின் பெல்ட்டில் ஒன்பது துளைகள்

"பத்து கிலோ குறைங்க சார், எல்லாம் தானா அடங்கிடும்" என்றார் தோல் மருத்துவர். என் முழங்கையிலும் முழங்காலிலும் இருந்த சோரியாசிஸ் படையை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எடை மெஷினில் ஏறச் சொன்னார். 84 காட்டியது. அவ்வளவுதான்.

மருந்துச் சீட்டோடு படியிறங்கும்போதே அப்பாவின் கை கண்ணுக்குள் வந்து நின்றது. மூங்கில் கழி மாதிரி மெலிந்த கை. அந்தக் கையில்தான் மணிக்கட்டிலிருந்து தோள்வரை செதில் செதிலாகச் சோரியாசிஸ். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுத்தான் வேலைக்குப் போவார். விடிந்ததும் அவர் போர்த்திய நீலப் போர்வையை அம்மா கொல்லைக்குக் கொண்டுபோய் உதறுவாள். தவிடு மாதிரி வெள்ளையாகப் பறக்கும். முடிவெட்டப் போன இடத்தில் "இது ஒட்டுமா?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். ஒட்டவே ஒட்டாத நோய் அது. ஆனாலும் அன்றிலிருந்து கடைசிவரை அப்பாவுக்கு அம்மாதான் முடிவெட்டினாள்.

கொழுப்புதான் காரணம் என்றால் ஒல்லியான அப்பாவுக்கு எப்படி வந்தது? இந்தக் கேள்வி ஒன்றரை வருஷம் என்னைத் தூங்கவிடவில்லை.

மருத்துவர் சொன்னது தப்பு என்று நிரூபிக்கத்தான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அவர் பக்கமும் நியாயம் இருந்தது. கொழுப்பு என்றால் உடம்பு கட்டிவைத்த மூட்டை என்றுதான் நினைத்திருந்தேன். பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவே டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்கிறது என்று 1993-இல் ஹோதமிஸ்லிகிலும் ஸ்பீகல்மேனும் காட்டினார்கள். மறு வருஷம் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேனின் குழு லெப்டினைக் கண்டுபிடித்தது. 'இருப்பு போதும்' என்று கொழுப்புச் செல்கள் மூளைக்கு அனுப்பும் சேதி அது. அந்தச் சேதி மூளையோடு நிற்பதில்லை. நோய் எதிர்ப்பு வேலை பார்க்கும் டி செல்களையும் உசுப்பிவிடுகிறது. அடிபோனெக்டின் என்று இன்னொரு ஹார்மோன், அதே கொழுப்பிலிருந்து வருவது, அந்தச் செல்களை அமர்த்திவைக்கிறது. உடம்பு பருக்கப் பருக்க லெப்டின் ஏறும், அடிபோனெக்டின் இறங்கும்.

சோரியாசிஸில் நடப்பதும் டி செல்களின் கலவரம்தான். அவை கிளப்பும் டிஎன்எஃப், ஐஎல்-17 போன்ற புரதங்கள் தோலை விரட்டுகின்றன. ஒரு மாதத்தில் மேலே வந்து உதிர வேண்டிய தோல் செல்கள் மூன்று நான்கு நாளில் வந்து குவிகின்றன. அம்மா உதறிய தவிடு அதுதான். சோரியாசிஸுக்கென்று 2004-இல் அமெரிக்கா அனுமதித்த எடனெர்செப்ட் ஊசி கட்டிப்போடுவது டிஎன்எஃபைத்தான். 1993-இல் கொழுப்புக்குள் கண்ட அதே புரதத்தை. அதைப் படித்த இரவு நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது ஒரு எலிக் கதை. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத எலிகள் உண்டு. 'போதும்' என்ற சேதி போகாததால் தின்று தின்று பந்து மாதிரி உருளும். சோரியாசிஸ் போன்ற அழற்சியைக் கிளப்பும் இமிக்விமோட் களிம்பை அந்த எலிகளின் தோலில் டென்மார்க் ஆய்வாளர்கள் பூசிப் பார்த்தார்கள். எடைதான் குற்றவாளி என்றால் அவற்றுக்குத்தான் தோல் மோசமாகப் புண்ணாகியிருக்க வேண்டும். 2017-இல் வந்த முடிவு நேர்மாறு: லெப்டின் இல்லாத எலிகளுக்கு அழற்சி குறைவு. ஆக, எடை எத்தனை கிலோ என்பதைவிட, கொழுப்பு என்ன சேதி அனுப்புகிறது என்பதுதான் கேள்வி.

எலி சரி, மனிதர்களில் எது முதலில் வந்தது? படையா, பருமனா? நான் மாதக்கணக்கில் முட்டி நின்றது இங்கேதான். 2005-இல் அமெரிக்காவின் யூட்டாவில் நோயாளிகளிடமே விசாரித்தவர்கள், நோய் முதலில் வந்தது, உடம்பு பிறகு பருத்தது என்றார்கள். 2007-இல் இன்னொரு ஆய்வு, 78,626 செவிலியர்களை 14 வருஷம் பின்தொடர்ந்தது. உயரத்துக்கு எடையைக் கணக்கிடும் பிஎம்ஐ 35-க்கு மேல் இருந்த பெண்களுக்குச் சோரியாசிஸ் வரும் வாய்ப்பு இரண்டரை மடங்குக்கும் மேல் என்றது. 2019-இல் மரபணுக்களை வைத்துக் கணக்குப் போட்டவர்கள், பிஎம்ஐ ஒரு புள்ளி கூடினால் வாய்ப்பு 9 சதவீதம் கூடுகிறது என்றார்கள். நோய் வந்ததால் பருமன் வந்தது என்பதற்கு அவர்களுக்குப் பெரிதாகச் சான்று கிடைக்கவில்லை. தராசு பருமன் பக்கம் சாய்ந்துவிட்டது. அப்பா மட்டும் அதில் ஏற மறுத்தார்.

அப்பாவின் தங்கையைக் கேட்கக் கோவில்பட்டிக்குப் போனேன். அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. அண்ணனுக்காக வெட்பாலை இலையை இரும்பு படாமல் கையால் கிள்ளி, தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து, அது கத்திரிப்பூ நிறமாகும்வரை காத்திருந்து தைலம் இறக்கியவள்.

"அப்பாவுக்கு எப்ப தொப்பை விழுந்துச்சு அத்தை?"

"தொப்பையா? குச்சி மாதிரில்லா இருந்தாங்க எங்க அண்ணன். ஏய்யா, நீ தொண்டையக் கேளு."

மூன்று முறை போனேன். மூன்று முறையும் நான் வயிற்றைக் கேட்டேன், அவள் தொண்டையைச் சொன்னாள். பத்தொன்பது வயசில் அப்பாவுக்குத் தொண்டை கட்டிக் காய்ச்சல் வந்ததாம். எச்சில் விழுங்க முடியவில்லையாம். காய்ச்சல் விட்டு இரண்டு வாரத்தில் முதுகு நிறைய, மழைத்துளி தெறித்த மாதிரி சின்னச் சின்னச் செம்புள்ளி. மூன்று மாதத்தில் தைலத்தில் மறைந்தது என்பது அவள் கட்சி. வயசான ஞாபகம், எதையோ எதோடோ முடிச்சுப் போடுகிறாள் என்று நான் அதைக் குறித்துக்கொள்ளக்கூட இல்லை.

பிறகு தோல் நோய்ப் பாடநூல் ஒன்றில் அதே படத்தைப் பார்த்தேன். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைத் தொற்றுக்குப் பின் இளவயதில் வரும் சோரியாசிஸ். 'துளி' என்ற லத்தீன் சொல்லால்தான் அதற்கு கட்டேட் என்று பெயர். எச்எல்ஏ-சி என்ற மரபணுவின் ஒரு வகையோடு பிறந்தவர்களிடம் அதிகம். பெரும்பாலும் தானே மறையும். சிலருக்கு வருஷங்கள் கழித்துத் தடித்த படையாகத் திரும்பும். தொண்டையைப் பற்றி அத்தை ஒரு சொல்கூடத் தவறாகச் சொல்லவில்லை.

ஆனால் வருஷங்கள் கழித்து அதைத் திரும்பக் கூப்பிட்டது எது? அடுத்த முறை ஊருக்குப் போனதும் அம்மாவிடம் அப்பாவின் பெல்ட்டைக் கேட்டேன். வேலையில் சேர்ந்தபோது வாங்கிய கனத்த தோல் பெல்ட். பதினெட்டு வருஷம் கட்டினார். நடுவில் ஐந்து துளைகள் வட்டமாக, கடையில் போட்டவை. உட்பக்கம் இரண்டு, வெளிப்பக்கம் இரண்டு, ஆணியால் குத்தியவை. ஓரம் பிசிறு பிசிறாக. ஒன்பது துளைகளையும் அளந்தேன். உட்கடைசி 29 அங்குலம். வெளிக்கடைசி 37. அந்தக் கடைசித் துளை பக்கிள் முள் இழுத்து இழுத்து நீள்வட்டமாகியிருந்தது. கை மூங்கில் கழியாகவே இருந்தது, வயிறு மட்டும் எட்டு அங்குலம் பெருத்திருக்கிறது. "போர்வை உதற ஆரம்பிச்சது எப்பம்மா?" என்றேன். அம்மா அந்த வெளித்துளைகளைத் தடவிக்கொண்டே, "அவுக ஆணியைக் கேட்ட வருஷந்தான்" என்றாள்.

ஒல்லியான உடம்புக்குள் கொழுப்பு ஒளிந்திருப்பது அப்பாவுக்கு மட்டும் உரியதல்ல. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவர் உடம்பையே அருகருகே வைத்துக் காட்டினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம்மவர் ஒல்லி பலநேரம் சட்டைக்கு வெளியே தெரியும் ஒல்லிதான்.

அப்பாவின் படையைப் பற்றவைத்தது தொண்டை. இருபது வருஷம் கழித்து அதை ஊதிவிட்டது வயிறு. என் தீர்ப்பு இது. ஒரு குடும்பத்தின் ஞாபகத்தையும் ஒரு பெல்ட்டையும் வைத்துச் சொல்கிறேன், மறுக்க இடமுண்டு.

என் மருத்துவர் சொன்ன 'எல்லாம் அடங்கிடும்' மட்டும் சரியில்லை. டென்மார்க்கில் 60 நோயாளிகளில் பாதிப்பேருக்கு 16 வாரம் உணவைக் குறைத்துப் பார்த்தார்கள்; மற்றவர்களைவிடச் சுமார் 15 கிலோ இறங்கியது. நோயால் படும் அவதி தெளிவாகக் குறைந்தது. படை குறைந்த அளவு மட்டும் புள்ளியியல் கோட்டைத் தாண்டவில்லை. நான் ஆறு கிலோ குறைத்திருக்கிறேன். முழங்கை பாதி வெளுத்திருக்கிறது, முழங்கால் அப்படியே. களிம்பை நிறுத்தவில்லை.

தோல் மருத்துவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒல்லியான ஒருவர் படையோடு வந்தால், எடை மெஷினோடு விட்டுவிடாதீர்கள். சின்ன வயசில் தொண்டை நோவு வந்ததா என்று கேளுங்கள். மேஜை டிராயரில் ஒரு அங்குல டேப் வைத்திருங்கள். நம் ஆட்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எச்சரிக்கைக் கோடு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அப்பாவின் கடைசித் துளை 94.