பெயர் போடாத போர்வை

உங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். உடுத்த மனமில்லாத புடவை, குழந்தைக்குச் சின்னதாகிப் போன சட்டை, தையற்காரர் திருப்பிக் கொடுத்த வெட்டுத் துணி எல்லாம் ஒரு மூட்டையாக அங்கே இருக்கும். எறிய மனம் வராது. வைத்துக்கொள்ள இடமும் கிடையாது. முன்பெல்லாம் எவர்சில்வர் பாத்திரக்காரர் வந்து இந்தத் தர்மசங்கடத்தைத் தீர்த்து வைப்பார். இப்போது அவரும் அபூர்வமாகிவிட்டார். ஆகவே, எங்கேயாவது வெள்ளம் என்று கேள்விப்பட்டவுடன் நமக்குத் தர்ம சிந்தனை பிறந்துவிடுகிறது. மூட்டை அப்படியே லாரியில் ஏறுகிறது!

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது ஒரு நிவாரண முகாமுக்குப் போயிருந்தேன். ஒரு மூலையில் ஆள் உயரத்துக்குப் பழந்துணி குவிந்து கிடந்தது. இடுப்பில் குழந்தையுடன் ஓர் அம்மாள் அதைக் கிளறிக்கொண்டிருந்தார். பொத்தான் இல்லாத சட்டை, அக்குள் கிழிந்த ரவிக்கை, கறை படிந்த பாவாடை. ஐந்தாறு துணிகளைப் பிரித்துப் பார்த்தார். பிறகு, எடுத்தவற்றை ஒவ்வொன்றாக மடித்து ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்கையுடன் போய்விட்டார். அவர் மடித்து வைத்ததுதான் என் மனத்தை என்னவோ செய்தது. கொடுத்தவர்கள் அதைக்கூடச் செய்யவில்லையே!

"அப்படியானால் பழையதைக் கொடுப்பதே தப்பா?" என்று நீங்கள் கேட்கலாம். தப்பே இல்லை. அதற்குக் கனடா தேசத்துப் பெண்கள் சாட்சி.

1940 செப்டம்பர் முதல் 1941 மே வரை ஜெர்மன் விமானங்கள் லண்டன் முதலிய பிரிட்டிஷ் நகரங்களின் மீது குண்டு மாரி பொழிந்தன. எத்தனையோ குடும்பங்கள் வீட்டையும் படுக்கையையும் ஒரே இரவில் இழந்து, உடுத்த துணியோடு தெருவில் நின்றன. குளிரோ நம் ஊர்க் குளிர் அல்ல. அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம், கனடாவின் ஊர்களில், பெண்கள் வீடுகளிலும் மாதா கோயில் கூடங்களிலும் கூடித் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தைத்தவற்றில் ஒன்றுதான் ஒட்டுப் போர்வை. ஆங்கிலத்தில் இதற்குக் 'குயில்ட்' என்று பெயர். குயிலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தது மேல் பாகம். நடுவில் பஞ்சோ பழைய கம்பளியோ. அடியில் ஒரு முழுத் துணி. மூன்றும் நகராதபடி ஊடே தையல்.

யுத்த காலம். புதுத் துணிக்குத் தட்டுப்பாடு. பழைய கோட்டுகள், தையல் மிச்சங்கள், மாவு மூட்டையின் சாக்குத் துணிகூடப் போர்வையாயிற்று. யுத்தம் முடிவதற்குள் இப்படிக் கடல் கடந்து போனவை சுமார் 4 லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். மூலையில் சிறு துணிச் சீட்டு ஒன்று: கனடா செஞ்சிலுவைச் சங்கத்தின் அன்பளிப்பு என்று. தைத்தவள் பெயர் பெரும்பாலும் கிடையாது. போர்த்திக்கொண்டவளுக்கு, தைத்தவள் யார் என்று தெரியாது. தைத்தவளுக்கும் போர்த்திக்கொண்டவள் முகம் தெரியாது.

இந்த வழக்கம் யுத்தத்தோடு நின்றுவிடவில்லை. 1945-ல் அமெரிக்காவில் தோன்றியது லூதரன் உலக நிவாரண சங்கம். அதற்காகப் பல ஊர்களில் மாதா கோயில் கூடங்களில் பெண்கள், பெரும்பாலும் வயதானவர்கள், கூடிப் போர்வை தைக்கிறார்கள். பழைய படுக்கை விரிப்பு, ஜன்னல் திரை, யாரோ கொடுத்த மிச்சத் துணி — இவைதான் மூலதனம். 60 அங்குல அகலம், 80 அங்குல நீளம் என்பது அளவு. அழுக்கு எளிதில் தெரியாத நிறங்களுக்கு மதிப்பு அதிகம். நுணுக்கமான தையலுக்குப் பதிலாக, சில அங்குலத்துக்கு ஒன்றாகக் கெட்டி நூலால் முடிச்சுப் போடுகிறார்கள். முடிச்சானால் வேலை சீக்கிரம் முடியும், பிடிப்பும் உறுதி. வலது மேல் இடது, இடது மேல் வலது என்று மாற்றிப் போட்டால் இழுக்க இழுக்க இறுகும். போய்ச் சேர்ந்த இடத்தில் அது போர்வை மட்டுமல்ல. தரை விரிப்பு, அறைத் தடுப்பு, வெயிலுக்குக் கூரை, குழந்தையை முதுகில் கட்டும் தூளி எல்லாம் அதுவே.

"இத்தனை பாடு எதற்கு? புதுக் கம்பளி வாங்கி அனுப்பினால் போதாதா?" நியாயமான கேள்விதான். அவசரத்துக்குப் புதுக் கம்பளியும் பணமுமே முதல் உதவி, சந்தேகமில்லை. ஆனால் பணம் இல்லாமல் பொழுதும் கைத்திறனும் மட்டும் உள்ளவர்கள் எதைக் கொடுப்பார்கள்? அந்தக் கிழவிகளுக்குத் துணிச் செலவு அதிகமில்லை. செலவானது பொழுது. நைந்த துண்டை ஒதுக்கி, நல்லதைத் தேர்ந்து, வெட்டி, இணைத்து, முடிச்சிட்ட பொழுது. அந்தப் பொழுதுதான் கந்தலை வெகுமதியாக்குகிறது.

என் பாட்டி கனடாவைக் கண்டதில்லை. பழம்புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுப் பச்சைக் குழந்தைகளுக்கு விரிப்புத் தைப்பாள். யாருக்காவது பழந்துணி கொடுக்க எடுத்தால், முதலில் அவள் கைக்குப் போக வேண்டும். "ஏண்டா, பொத்தான் இல்லாத சட்டையைக் கொடுத்தா, அவன் ஒரு கையால சட்டையைப் பிடிச்சுண்டே நடக்கணுமா?" என்பாள். பொத்தான் தைத்த பிறகே சட்டை வாசலைத் தாண்டும்.

ஆகையால் வாசகர்களே, அடுத்த முறை மூட்டையைக் கட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஊசியும் நூலுமாக உட்காருங்கள். துவைத்து, தைத்து, மடித்து அனுப்புங்கள். தைத்தும் தேறாது என்று தோன்றுவதை வீட்டிலேயே வைத்துக்கொண்டு தரை துடையுங்கள். அதுவும் உத்தமமான உபயோகந்தான்!