கேரட்டிடம் தோற்கும் கத்தி

கையால் அடித்துச் செய்த காட்டுக்கத்தி ஒன்று கிடைத்தால், அதைச் சோதிப்பவர்கள் முதலில் தேடுவது ஒரு விறகுக்கட்டையை. கட்டையின் தலையில் கத்தியின் வாயை வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் ஓங்கி அடிக்கிறார்கள். விறகு பிளந்தால் கத்தி தேறிவிட்டது. பிறகு முனையை மரத்தில் குத்தி நெம்புவது, ஆணிமேல் போட்டு அடிப்பது என்று சோதனை முரட்டுத்தனமாகிக்கொண்டே போகும். காட்டில் கிடைப்பதைக் கொண்டே தங்கி, தீமூட்டி, சமைத்து வாழும் கலையைப் புஷ்கிராஃப்ட் என்கிறார்கள். அதற்கான கத்திக்கு இந்த அடிதடிதான் பொருத்தமான தேர்வு என்று பலரும் நம்புகிறார்கள். என் கட்சி வேறு. இந்தக் கத்தியை முதலில் அடுக்களைக்குத்தான் அனுப்ப வேண்டும். ஒரு கேரட், ஒரு தக்காளி, கொஞ்சம் மீன், ஒரு வாழைப்பூ போதும். இவை காட்டிக்கொடுக்கும் குறைகளை விறகு மூடி மறைத்துவிடும்.

அடித்துப் பார்ப்பதில் பொருளே இல்லை என்று சொல்ல வரவில்லை. பில் மோரன் முன்னின்று 1976இல் தொடங்கிய அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தில் 'ஜர்னிமேன்' தகுதி கேட்டு வருபவர், தாம் செய்த கத்தியால் தொங்குகிற 1 அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். 2க்கு 4 அங்குல மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதே வாயால் கைமுடியை மழிக்க வேண்டும். கடைசியில் அலகை வைஸில் இறுக்கி 90 பாகை வளைப்பார்கள். இரண்டாக உடையக் கூடாது. கடுமையான தேர்வுதான். ஆனால் தேர்ச்சி பெறுவது கொல்லரின் கை, கத்தி பலியாடு. வளைந்த அலகு அதோடு யாருக்கும் உதவாது. ஆலைக் கத்திக்கு ஆயிரம் இரட்டைப் பிறவிகள் உண்டு. ஒன்றை உடைத்தால் மற்றவற்றின் ஜாதகம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். பட்டறையில் பிறந்த கத்தி ஒற்றைப்பிள்ளை. அன்றைக்கு உலை கொஞ்சம் கூடுதலாகக் காய்ந்திருக்கும், எஃகைக் கடினமாக்க எண்ணெயில் தோய்த்த கணம் சற்றுப் பிந்தியிருக்கும், ராவிய கை ஒரு பக்கம் அதிகம் அழுந்தியிருக்கும். ஆகவே வாங்கியவர் தன் கையிலுள்ள அந்த ஒன்றையே, அதைக் கெடுக்காமல், நாள்கணக்கில் பரிசோதிக்க வேண்டியிருக்கிறது. தினமும் வேலை கொடுத்து, கழுவித் திருப்பித் தரும் இடம் அடுக்களைதான்.

கேரட்டுக்கு வருவோம். புஷ்கிராஃப்ட் கத்திகளில் பெரும்பாலானவை ஸ்காண்டிநேவிய முறையில் சாய்வு பிடித்தவை. அலகு முதுகிலிருந்து பாதிக்கு மேல் ஒரே தடிமனாக வந்து, கீழே ஒரு பட்டையாகச் சரிந்து வாயில் முடியும். அலகு 4 மி.மீ. தடிமன், இரு பக்கமும் சேர்ந்த கோணம் 25 பாகை என்று வைத்துக்கொண்டால், வாயிலிருந்து சுமார் 9 மி.மீ. ஏறுவதற்குள் கத்தி முழுத் தடிமனையும் அடைந்துவிடுகிறது. சாதாரணச் சமையல் கத்தி அதே உயரத்தில் இதைவிட மிக மெல்லியதாகவே இருக்கும். 3 செ.மீ. தடித்த கேரட்டில் இந்த இரண்டையும் இறக்கிப் பாருங்கள். சமையல் கத்தி சத்தமில்லாமல் பலகையைத் தொடும். காட்டுக்கத்தி கால்பங்கு இறங்கியதும் திணறும். இன்னும் அழுத்தினால் 'டக்' என்று கேரட் தானாகப் பிளந்து ஒரு துண்டு அடுப்பு மேடைக்கு ஓடும். துண்டத்தின் முகத்தைத் திருப்பிப் பார்த்தால் கதை முழுதும் அதில் எழுதியிருக்கும்: மேலே கொஞ்ச தூரம் கண்ணாடிபோல் வழவழப்பு, அதற்குக் கீழே ஒடித்த கிழங்கின் சொரசொரப்பு. கத்தி வெட்டியது அந்த வழவழப்பான பகுதியை மட்டும். மீதியில் அது ஆப்பு. விறகில் இதே குணம் வலிமையாகத் தெரிகிறது, ஏனென்றால் ஆப்பு முன்னேறுவதற்கு முன்பே நார்வாக்கில் மரம் விட்டுக்கொடுத்துவிடும். அங்கே வாய் மழுங்கியிருந்தால்கூட யாருக்கும் தெரியாது.

சரி, காட்டில் உயிர் போகிற நேரத்தில் கேரட்டா முக்கியம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. குளிர்நாட்டுக் காட்டில் நாள்முழுக்க மழை பெய்தால் காய்ந்த மரம் விறகின் உள்ளேதான் இருக்கும். அதைப் பிளந்து எடுக்காமல் தீ இல்லை. பிரிட்டனின் ரே மியர்ஸுக்காக ஆலன் வுட் செய்த புகழ்பெற்ற உட்லோர் கத்தி 4 மி.மீ. தடிமனில் இருப்பதை இந்த அச்சத்தோடு சேர்த்துப் புரிந்துகொள்ளலாம். ஆனால் இந்தக் கலைக்கு இலக்கணம் எழுதியவர்களில் ஒருவரான கனடாவின் மோர்ஸ் கொச்சான்ஸ்கி தம் நூலில் கத்திக்கு ஒரு பகுதி ஒதுக்கியதுபோலவே கோடரிக்கும் ரம்பத்துக்கும் தனித்தனிப் பகுதி ஒதுக்கினார். பிளக்கும் வேலை அங்கே கோடரியுடையது. கோடரி இல்லையென்றால் கத்தியால் ஓர் ஆப்பு சீவி, அந்த ஆப்பை அடிக்கலாம். சுவீடனின் மோரா ஊரில் செய்யும் கத்திகளில் பல 2, 2.5 மி.மீ. தடிமன்தான். காடு, தச்சு, மீன் என எல்லாவற்றுக்கும் அந்த நாட்டார் அதைத்தான் இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள். தடிமனைக் கூட்டி மோசமான தோய்ச்சலை ஈடுகட்ட நினைப்பதும் வீண். முறுகிப்போன எஃகு தடியாக இருந்தாலும் ஒருநாள் உடையும்.

அந்தத் தோய்ச்சலை அடுக்களை எப்படிக் கண்டுபிடிக்கும் என்பது இதைவிடக் கூர்மையான ஆட்சேபம். தக்காளித்தோல் இன்றைய கூரைச் சொல்லும், எஃகின் பக்குவத்தைச் சொல்லாது. இங்கே மட்டும் கொல்லர்களிடம் ஒரு வித்தையைக் கடன் வாங்க வேண்டும். கால் அங்குலப் பித்தளைக் கம்பியைப் படுக்கவைத்து, கத்தியின் வாயைத் தீட்டும் கோணத்தில் அதன்மேல் சாய்த்து, மெதுவாக அழுத்தியபடி இழுப்பார்கள். விளக்கு வெளிச்சத்தில் வாயின் ஓரம் கம்பிக்கு மேலே மெல்லிய அலையாகப் புடைப்பது கண்ணுக்கே தெரியும். கம்பியைக் கடந்ததும் புடைப்பு மறைந்தால் பக்குவம் சரி. மடிந்தது மடிந்தபடி நின்றால் எஃகு மெத்து. பொக்கை விழுந்தால் முறுகல். வாய் மெலிந்திருந்தால்தான் இந்தச் சோதனையே நடக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். உளிபோல் தடித்த வாய் அசையவே அசையாது, அசையாததைப் பார்த்து வலிமை என்று ஏமாந்துபோகலாம்.

மற்றவை மீனுக்கும் வாழைப்பூவுக்கும் விட்டுவிட வேண்டியவை. கையால் செய்யும் காட்டுக்கத்திகளில் பல துருப்பிடிக்கும் எஃகுதான். நம்மூர்ப் பட்டறைகளில் லாரி ஸ்பிரிங் பட்டை. வாழைப்பூவின் துவர்ப்பு பட்டதும் அலகு நிமிடங்களில் கருநீலமாகும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய அதே ரசாயனம். பளபளப்புப் போய்விட்டதே என்று தேய்த்து எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும், ஏனென்றால் அந்தக் கறுப்பு சிவப்புத் துருவை ஓரளவு தள்ளிவைக்கும். மீன் கழுவும்போது கைப்பிடியின் குணம் வெளிப்படும். வழுவழுத்த விரல் வாயை நோக்கி நழுவுகிறதா? பிடியின் மரத்துக்கும் எஃகுக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருக்கிறதா? இருந்தால் மறுநாள் நாற்றமே சாட்சி சொல்லும். ஒரு கிலோ வெங்காயம் நறுக்கி முடிப்பதற்குள் பிடியின் எந்த விளிம்பு உள்ளங்கையைக் கடிக்கிறது என்பதும் தெரிந்துவிடும். விறகுக்கு நாலு அடி போட்டவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

அடுக்களையின் தீர்ப்பை அப்படியே ஏற்கக் கூடாத இடங்களும் உண்டு. தீப்பொறிக் கம்பியை உரசுவதற்காக முதுகைச் செங்கோண விளிம்பாக விட்டிருப்பார்கள். நறுக்கும்போது ஆள்காட்டி விரலை அது அறுக்கும். குறை கத்தியுடையது அல்ல, வேலை இரண்டு. முதுகின் முன்பாதியை விளிம்போடு விட்டு, விரல் படும் இடத்தை மட்டும் மழுக்கினால் வழக்கு தீர்ந்தது. அலகு அகலம் குறைவென்பதால் விரல்முட்டி பலகையில் இடிப்பதும் இப்படித்தான். பலகையின் ஓரத்துக்கு நகர்ந்துகொள்ள வேண்டும். கிரானைட் மேடையிலோ எவர்சில்வர் தட்டிலோ வைத்து நறுக்கிவிட்டுக் கத்தி மொக்கை என்பவரின் தீர்ப்பைத் தள்ளுபடி செய்துவிடலாம்.

தடிமன் விஷயத்தில் மட்டும் சமரசம் கூடாது. பட்டறையில் சொல்லிச் செய்விப்பவர் முதுகில் 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாங்கப் போகும்போது பையில் ஒரு கேரட்டையும் போட்டுக்கொண்டு போகலாம். 'டக்' சத்தம் கேட்டால் அங்கேயே சாணையில் கொடுத்து மெலியவைத்துக்கொள்ள முடியும். சாணை பிடிக்கையில் ஒவ்வொரு இழுப்புக்கும் அலகைத் தண்ணீரில் முக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். வாயில் நீலம் பாய்ந்துவிட்டால் தோய்ச்சல் போச்சு. கத்தி மறுபடியும் உலைக்குப் போக வேண்டியதுதான்.